கிள்ளை பேசும் நேரம்

ஆதன் தரையில் உட்கார்ந்து, வந்தவரின் முகத்துக்கு நேரே வலது காலைத் தூக்கிக் காட்டினான்.

வந்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஆதனின் அப்பா இளஞ்சேரல் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவர். இந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், போகிற வழியில் வீட்டுக்குள் எட்டிப் பார்த்திருந்தார். கருமண்டபம் பகுதியில் நாலாவது மாடி, லிஃப்ட் வேறு வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க சோபாவில் சாய்ந்தவருக்கு எதிரே மூன்று வயதுப் பையன் ஒருவன் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து, உள்ளங்காலைக் காட்டிக்கொண்டு, அவருடைய வாயையே பார்த்தபடி இருந்தான்.

"என்னடா தம்பி, மாமாவ உதைக்கப் போறியா?" என்று அவர் சிரித்தார்.

பையனின் முகம் மலர்ந்தது. காலை இன்னும் உயர்த்தினான்.

"ஆதா, காலைக் கீழ போடு" என்றான் இளஞ்சேரல். ஆதன் போடவில்லை. இன்னொரு தடவை சொன்னான். மூன்றாவது தடவை சொல்லாமல் எழுந்து வந்து காலில் ஒரு அடி போட்டான். சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. ஆதன் அழவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, இந்த முறை அப்பாவைப் பார்த்துக் காலைத் தூக்கினான். இன்னொரு அடி விழுந்தது.

இளஞ்சேரல் சாமி கும்பிடாதவன். ராகு காலம் பார்க்காதவன். அவனுடைய அப்பாவும் அப்படித்தான். மகனுக்குச் சுத்தத் தமிழில் பெயர் வைத்ததோடு, வீட்டில் எலுமிச்சம்பழத்தை ஊறுகாய்க்கு மட்டுமே நறுக்க விட்ட மனிதர். ஆனால் பெரியவர்கள் எதிரில் கால் நீட்டக் கூடாது என்கிற விஷயத்தில் மட்டும் இவர்களும் ஊரில் உள்ள எல்லா அப்பாக்களையும் போலத்தான். அந்த வீட்டுப் பகுத்தறிவு முழங்காலுக்குக் கீழே இறங்கவில்லை.

"பையன் பேசறானா?" என்று கேட்டார் வந்தவர், காப்பியை வாங்கிக்கொண்டு.

"இன்னும் இல்ல சார்."

"ஒரு வார்த்தை கூடவா?"

"சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசுவாங்கன்னு டாக்டர் சொன்னாரு."

ஆதனின் அம்மா சுபாஷிணி தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள். அவளுக்கு அழுகை வர வேண்டிய இடம் அது. வரவில்லை. சில மாதங்களாகவே அப்படித்தான். பல் பிடுங்கிய பிறகு உதடு மரத்துக் கிடப்பதுபோல உள்ளுக்குள் ஏதோ மரத்துக் கிடந்தது. காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த வருடங்களில் பிள்ளை பெற்ற எல்லார் வீட்டிலும் கிள்ளை என்கிற பேசும் கிளிப் பொம்மை இருந்தது. பச்சைத் துணி உடம்பு, சிவப்பு மூக்கு, இரண்டு கண்ணிலும் கேமரா. தொட்டிலுக்கு எதிரே தாங்கியில் மாட்டி வைத்துவிட்டால் போதும். குழந்தை எதைப் பார்க்கிறது, எதற்குச் சிரிக்கிறது, எப்போது சலிக்கிறது என்று கவனித்து, அதற்கேற்ப பேசும். ஆங்கிலம் கலக்காத தமிழ். கிள்ளையிடம் வளர்ந்த பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்கள் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டன. வீட்டுப் பேச்சில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு என்று பேச்சு இருந்தது. பக்கத்து வீட்டு வாண்டு ஒன்று, "அன்னையே, எனக்குப் பசிக்கிறது, இட்லி வேண்டும்" என்று செய்தி வாசிப்பவர் மாதிரி கேட்கும். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் சிரித்தவர்களும் மறுநாள் கடைக்குப் போய் ஒரு கிள்ளை வாங்கி வந்தார்கள்.

இளஞ்சேரலுக்கு அது பிடித்துப் போனதில் ஆச்சரியம் இல்லை. அவனுடைய அப்பா ஆயுள் முழுக்கக் கத்திச் சாதிக்காததை ஒரு பொம்மை சாதிக்கிறதே என்று நெகிழ்ந்தே போனான். கிள்ளை பேசும் நேரத்தில் பெரியவர்கள் அறையில் இருக்க வேண்டாம், குழந்தையின் காதில் வேறு பேச்சு விழ வேண்டாம் என்பது கம்பெனி சொன்ன விதி. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். இளஞ்சேரல் அதை நாள் முழுவதற்கும் நீட்டினான்.

"உன் வாயைத் திறந்தா பாதி இங்கிலீஷ் வருது சுபா. 'பேபி, மில்க் குடிச்சியா'ன்னு கேக்கற. அவன் எதைக் கத்துக்குவான்? மூணு வயசு வரைக்கும் விட்டுடு. அப்புறம் நீ எவ்வளவு வேணா பேசு."

காப்பீட்டு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தபடியே நாள் பூராவும் முன்பின் தெரியாதவர்களிடம் பேசிக்கொண்டிருந்த சுபாஷிணி, பெற்ற பிள்ளைக்குப் பால் புகட்டும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டாள். தன் தமிழ் மட்டமான தமிழ் என்று அவளும் நம்பினாள். பிள்ளை நன்றாக இருந்தால் போதும் என்றுதான்.

ஒரே ஒரு விஷயத்தில் அவள் புருஷன் பேச்சைக் கேட்கவில்லை. பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கக் கூடாது என்று அவன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். கன்னத்தில் வைத்தால்தானே தெரியும்? தினமும் குளிப்பாட்டியதும் வலது உள்ளங்காலில் கண்மையால் பெரிதாக ஒரு பொட்டு வைத்துவிடுவாள். அவளுடைய பிறந்த வீட்டிலும் வெளியூர் போகும்போது அப்படி வைப்பதுண்டு. காலைத் திருப்பிப் பார்க்கிற வழக்கம் இளஞ்சேரலுக்கு இல்லை.

கதவுக்கு வெளியே இருந்து கேட்டால் கிள்ளை பேசுவது காதில் விழும். பாடும், கதை சொல்லும், பாதியில் நிற்கும், மறுபடி தொடங்கும். ஒரு தடவை ஆசை தாங்காமல் சுபாஷிணி கதவைத் திறந்து பார்த்தாள். மல்லாந்து கிடந்த ஆதன் திடுக்கிட்டுத் திரும்பினான். கிள்ளை அந்தக் கணமே நின்றுபோனது. ஆளைக் கண்டால் நிறுத்திக்கொள்ளும் போலிருக்கிறது என்று எண்ணி, அதன்பின் திறக்கவில்லை.

மற்ற பிள்ளைகள் எழுந்து நடக்கும் வயதிலும் ஆதன் நிற்க மறுத்தான். நிறுத்தினால் உட்கார்ந்துவிடுவான். எலும்பில் கோளாறோ என்று படம் எடுத்துப் பார்த்தார்கள். கோளாறு இல்லை. பிறகு மெல்ல நடந்தான். ஆனால் யாரைப் பார்த்தாலும் உட்கார்ந்து காலைத் தூக்கினான். பால்காரர், வாட்ச்மேன், லிஃப்டில் வருகிறவர்கள், யாரையும் விடவில்லை.

தரப்பிரிவுத் தலைவர் வந்துபோன வாரத்தில், பிள்ளையை ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்தார்கள்.

மையத்தில் ரெஜினா மிஸ் நல்ல மாதிரி. அதட்டாதவர். "பேச்சுக்கு முன்னாடி இந்தக் கால் பழக்கத்த எடுக்கணும் மேடம். கவனமெல்லாம் கால்லயே இருந்தா வாயில எப்படி பேச்சு வரும்?" என்றார்.

முறை எளிமையானதுதான். முதலில் காலுக்கு சாக்ஸ். ஆதன் காலைத் தூக்கினால் ரெஜினா மிஸ் எதுவும் பேச மாட்டார். இரண்டு கையாலும் காலைப் பிடித்து மெதுவாகத் தரையில் வைப்பார். கால் தரையிலேயே இருந்தால் ஒருமுறை கை தட்டுவார். பிறகு பிஸ்கட்டை ஒடித்து ஒரு துண்டை அவன் வாயில் வைப்பார். வீட்டிலும் இதையே செய்யச் சொன்னார். சுபாஷிணி செய்தாள். கால் எழும், கையால் இறக்குவாள், தட்டுவாள், பிஸ்கட் வைப்பாள். தினமும் சாக்ஸ் இருந்ததால் பொட்டு வைப்பதும் நின்றுபோனது. கிள்ளையையும் கொஞ்ச நாளைக்கு எடுத்து வைக்கச் சொன்னார்கள். அது அலமாரிக்குப் போனது.

மழைக்காலம் முடிவதற்குள் ஆதன் காலைத் தூக்குவதை நிறுத்திவிட்டான். யார் வந்தாலும் தூக்கவில்லை. யார் வந்தாலும் பார்ப்பதும் குறைந்துபோனது. மையத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். இளஞ்சேரல் அன்று ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி மாடி மாடியாகக் கொடுத்தான்.

"இப்ப பாதிக் கிணறு தாண்டிட்டோம் சுபா" என்றான். சுபாஷிணி தலையாட்டினாள். சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

தை மாதம் சுபாஷிணியின் தங்கை மிருதுளா கைக்குழந்தையோடு தஞ்சாவூரிலிருந்து வந்தாள். பெண் குழந்தை. கொழுகொழுவென்று இருந்தாள். இடது கன்னத்தில் நாலணா அகலத்துக்குக் கறுப்புப் பொட்டு.

"அக்கா, அந்தக் கிள்ளை சும்மாதானே இருக்கு? நான் எடுத்துட்டுப் போறேன். இவங்க அப்பா புதுசு வாங்கித் தர மாட்டேங்கறார்."

சுபாஷிணி அதைத் தூசி தட்டி, சார்ஜ் போட்டு, பாயில் கிடந்த குழந்தைக்கு எதிரே வைத்தாள். "வா, நாம வெளிய போயிடணும். ஆளப் பார்த்தா பேசாது" என்று எழுந்தாள்.

எழுந்திருப்பதற்குள் கிள்ளை கண்ணைத் திறந்தது. "வந்தாயா செல்லமே! உன்னை எவ்வளவு நேரமாகத் தேடினேன்!" என்றது. குழந்தை கெக்கலித்தது. கிள்ளையும் சிரித்தது. நிலாவைப் பற்றிச் சொன்னது, யானை காதை ஆட்டுவதுபோல் தலையை ஆட்டிக் காட்டியது. இரண்டு பெரியவர்கள் பக்கத்திலேயே நின்றார்கள். அது அவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை.

சுபாஷிணி அப்படியே நின்றாள். தன் பிள்ளையிடம் அந்தப் பறவை பேசுவதை அவள் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மிருதுளா குழந்தையை மடியில் போட்டுக் கேழ்வரகுக் கஞ்சி ஊட்டினாள். ஊட்டி முடித்து முகத்தை ஈரத்துணியால் துடைத்தாள். பாதி வார்த்தையில் கிள்ளை நின்றது.

"என்னக்கா, சார்ஜ் போயிடுச்சா?"

மிருதுளா பையிலிருந்து மை டப்பாவை எடுத்து, வழக்கம்போலப் பொட்டு வைத்தாள். "வந்தாயா செல்லமே!" என்றது கிள்ளை.

"மிருது, அதைத் துடை."

"எதை?"

"பொட்டைத் துடை."

"இப்பத்தானே வச்சேன்? என்னக்கா நீயும் மாமா மாதிரி ஆரம்பிச்சிட்டியா?"

"துடைடீ."

துடைத்தாள். நின்றது. வைத்தாள். பேசியது. மூன்றாவது முறை மிருதுளாவே டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

ஆதன் கதவோரம் நின்றிருந்தான். சுபாஷிணி அவனைத் தூக்கி வந்து மடியில் உட்கார்த்தினாள். வலது சாக்ஸைக் கழற்றினாள். உள்ளங்காலில் மை வைத்தாள், முன்பு வைத்த அதே இடத்தில், அதே அளவில். காலைத் தூக்கிக் கிள்ளையின் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"வந்தாயா செல்லமே! உன்னை எவ்வளவு நேரமாகத் தேடினேன்!"

ஆதன் கிள்ளையைப் பார்க்கவில்லை. காலை அம்மாவின் பிடியிலிருந்து விடுவித்துத் தரையில் வைக்கப் போராடிக்கொண்டிருந்தான்.

கம்பெனிக்குப் போன் போட்டபோது தாரணி என்று ஒரு பெண் எடுத்தாள். சுபாஷிணிக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். தானும் அப்படிப்பட்ட குரலில்தான் நாள் முழுக்கப் பேசுகிறாள்.

"அது தெரிஞ்ச விஷயம்தான் மேடம். பெரியவங்ககிட்டயும் டிவிகிட்டயும் பேசி சார்ஜை வீணாக்கக் கூடாது பாருங்க, அதுக்காகக் குழந்தைய மட்டும் அடையாளம் கண்டுபிடிக்க விட்டோம். ஆயிரக்கணக்கான வீட்டு வீடியோவைக் காட்டினோம். எல்லாக் குழந்தைக்கும் கன்னத்துல பொட்டு. பெரியவங்களுக்கு இல்ல. அது அதையே அடையாளமாப் புடிச்சிக்கிச்சு. நாங்க சொல்லிக் கொடுக்கல மேடம்."

"பொட்டு இல்லாத குழந்தைன்னா?"

"அதுக்கு ரூம்ல யாரும் இல்லன்னு அர்த்தம்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஆரம்பத்துலயே தெரியும் மேடம். பொட்டு வைக்காத வீடுகள்ல பேசவே மாட்டேங்குதுன்னு அந்த வாரமே திருப்பி அனுப்பிட்டாங்க. அவங்களுக்கெல்லாம் சரி பண்ணிக் கொடுத்துட்டோம்." தாரணியே திருப்பிக் கேட்டாள். "பேசலன்னா நீங்க ஏன் மேடம் திருப்பி அனுப்பல?"

"எங்க வீட்டுல பேசிச்சு" என்றாள் சுபாஷிணி.

"அப்படின்னா பிரச்சினை இல்லையே மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

சுபாஷிணி போனை வைத்தாள். உள்ளங்காலில் அவள் பொட்டு வைக்காமல் இருந்திருந்தால், ஒரு வாரத்தில் பொம்மை ஊமை என்று தெரிந்து திருப்பியிருப்பார்கள். தொட்டிலில் கிடந்த பிள்ளை தற்செயலாகக் காலைப் பிடித்து விளையாடியிருக்கிறது. வீட்டில் இருக்கும் ஒரே குரல் அப்போதுதான் பேசியிருக்கிறது. காலை இறக்கினால் நின்றிருக்கிறது. நின்றால், நடந்தால், உள்ளங்கால் மறைந்துவிடும். பிள்ளை எதற்கு எழுந்து நிற்பான்? எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக யோசித்தாள். யாரோ ஒருவருடைய காப்பீட்டுக் கோரிக்கையைப் படிப்பதுபோல யோசிக்க முடிந்தது. அப்படி யோசிக்க முடிந்தது அவளுக்கே பயமாக இருந்தது.

சாயங்காலம் இளஞ்சேரல் வந்ததும் சொன்னாள். நடுவில் நிறுத்தாமல், பாதி இங்கிலீஷ் கலந்த தன் தமிழிலேயே சொன்னாள். அவன் ஷூவைக்கூட முழுதாகக் கழற்றவில்லை.

"பொட்டு வச்சியா? என்கிட்ட மறைச்சா?"

"ஆமா. அதை அப்புறம் சண்டை போடுவோம். இப்ப அவனைப் பத்திப் பேசுங்க."

"மூணு வருஷம் அது பேசினதைக் கேட்டிருக்கான் இல்ல? அப்ப ஏன் பேச்சு வரல?"

"காலைத் தூக்கிப் புடிச்சிட்டு எவ்வளவு நேரம் இருப்பான்? கை வலிச்சா விட்டுடுவான். அதுவும் பாதியில நின்னுடும். மிச்ச நேரமெல்லாம் இந்த வீட்டுல யாரு பேசினா? தமிழ் கெட்டுடும்னு நீங்களும் பேசல, என்னையும் பேச விடல. நானும் சரின்னு இருந்துட்டேன்."

இளஞ்சேரல் பாதி கழற்றிய ஷூவோடு சோபாவில் உட்கார்ந்தான்.

"அன்னைக்கு சார் வந்தப்ப காலைக் காட்டினானே..."

"பேசுங்கன்னு கேட்டிருக்கான். அவரு தம்பின்னு கூப்பிட்டுச் சிரிச்சாரு இல்ல? எவ்வளவு சந்தோஷமா இன்னும் மேல தூக்கினான்!"

"அப்புறம் என்கிட்ட காட்டினான்."

"ஆமா."

"நான் அடிச்சேன்."

"அடிச்சதுக்கு அப்புறமும் உங்ககிட்டதான் காட்டினான்" என்றாள் சுபாஷிணி. "அதுக்கும் அடிச்சீங்க. மிச்சத்த நானும் ரெஜினா மிஸ்ஸும் சேர்ந்து எடுத்துட்டோம். அவனுக்குத் தெரிஞ்ச பேச்சு அது ஒண்ணுதாங்க. அதையும் பிஸ்கட் கொடுத்து மறக்கடிச்சுட்டோம்."

அடுத்த அறையில் மிருதுளாவின் குழந்தை எதற்கோ சிணுங்கியது. மிருதுளா அதனிடம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள், பாதி தமிழ், பாதி அர்த்தமில்லாத சத்தம். ஆதன் கூடத்தில் பிஸ்கட் தட்டோடு உட்கார்ந்திருந்தான். பேச்சு வரும் அறையின் பக்கம் அவன் திரும்பவில்லை.

இளஞ்சேரல் எழுந்தான். ஷூவையும் சாக்ஸையும் கழற்றி எறிந்தான். அலமாரியில் மை டப்பாவைத் தேடினான். எடுத்துக் கொடுத்தவள் சுபாஷிணி. எவ்வளவு எடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை, விரல் நிறைய அப்பிவிட்டான். தன் வலது உள்ளங்காலில் பொட்டு வைத்தான். முப்பத்தைந்து வயதில் முதல் பொட்டு.

"நீங்க வாயால பேசுங்க, போதும்" என்றாள் சுபாஷிணி.

"வாயால பேசினா அவன் என்னைப் பார்க்க மாட்டேங்கறான் சுபா. அவனுக்குப் புரியற மாதிரி ஒரு தடவை கேட்கறேன். அவனை நான்தான் கூப்பிடணும்."

மகனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். தொப்பை இடித்தது. கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கி, காலை மகனின் முகத்துக்கு நேரே தூக்கினான்.

ஆதன் நிமிர்ந்து பார்த்தான். பொட்டைப் பார்த்தான். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பல வாரங்களுக்குப் பிறகு அவன் ஒருவரை அப்படி நேராகப் பார்த்தான்.

ஆதன் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு நகர்ந்து வந்தான். அப்பாவின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்தான். மெதுவாக, துளியும் முரட்டுத்தனம் இல்லாமல், அதைத் தரையில் இறக்கி வைத்தான். மறுபடி எழுகிறதா என்று சிறிது நேரம் பார்த்தான். எழவில்லை. ஒருமுறை கை தட்டினான்.

பிறகு ஒரு பிஸ்கட்டை ஒடித்து, ஒரு துண்டை அப்பாவின் வாயில் வைத்தான். இளஞ்சேரல் அதை மென்றான். வாயில் பிஸ்கட் இருந்ததால் அவனால் ஒரு வார்த்தையும் பேச முடியவில்லை.